ஐம்பத்திரண்டு நிமிடம்

பெட்டி வந்த அன்று
பேட்டரியும் சேர்த்துச் சுமந்து ஏறியது
மோட்லலேபுலாவின் குதிரை.
ஆறு வருடமாய் அதே குதிரைதான்
இரத்தப் பொட்டு காய்ந்த அட்டைகளை
மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போனது.
தன் பிழைப்புக்கு உலை வைப்பதைத்
தானே சுமந்தது அதற்குத் தெரியாது.
அவனுக்குத் தெரியும்.
கயிற்றை அவிழ்த்துவிட்டு
"இதற்குப் புல் வேண்டாம், இல்லையா" என்றான்.

அட்டைக் காலத்தில்
குதிகாலில் குத்தி, ஐந்து வட்டம் நிரப்பி,
நிழலில் உலர்த்தித் தலைநகருக்கு அனுப்புவேன்.
பனி விழுந்தால் கணவாய் மூடும்.
மழை பிடித்தால் செங்கு ஆறு மறிக்கும்.
இரண்டு மாதம் கழித்துத் தாள் வரும்
குழந்தையின் பெயரோடு.
சில வீடுகளில் அதற்குள்
பெயர் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.
என் மேசையின் கீழ் இழுப்பறையில்
பதினொரு தாள்கள் கிடக்கின்றன.
யாரிடம் கொடுப்பது?
கிழித்துப் போடவும் கை வரவில்லை.

இப்போது ஒரு துளி போதும்.
ரொட்டி டப்பா அளவுள்ள பெட்டி
ஐம்பத்திரண்டு நிமிடம் முனகும்.
கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக்
கோடி கோடியாய் நகலெடுத்து
தெரியவைத்துவிடுமாம்;
பயிற்சி தர வந்த பெண் சொன்னாள்.
வதந்தியும் அப்படித்தான் என்று
நினைத்தேன், சொல்லவில்லை.

இன்று கம்பளியெல்லாம் பனியாகக்
கவுஹெலோ வந்தாள்.
ஆறு வாரக் குழந்தை, லெபோனே.
குத்தினேன். வீறிட்டது. பெட்டியை மூடினேன்.
"எப்போது வரட்டும், சிஸ்டர்?"
எங்கும் போக வேண்டாம், உட்கார் என்றேன்.
அவள் உட்காரவில்லை.
"முன்பு மாதிரி கீழே அனுப்பிவிடக் கூடாதா?
அவர் சுரங்கத்திலிருந்து
செப்டம்பரில்தான் விடுப்பில் வருவார்.
தாளும் அப்போது வந்தால் போதும்."

ஒவ்வொரு கூட்டத்திலும் கை தூக்கி,
மனு எழுதி, சண்டை போட்டு
நான் ஒழித்துக்கட்டிய அறுபது நாளை
இவள் திருப்பிக் கேட்கிறாள்.

பதினேழாம் நிமிடம் திரை சிவந்தது.
பிழை. குளிரில் பெட்டி படுத்துவிட்டது.
அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.
அதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

என் கம்பளியை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தி
குழந்தையின் மற்றக் குதிகாலில் குத்தினேன்.
மறுபடி ஐம்பத்திரண்டு.

இந்த முறை உட்கார்ந்தாள்.
புளித்த சோளக்கூழ் ஒரு குவளை
இருவருக்கும் நடுவில் ஆறிக்கொண்டிருந்தது.
"அதற்கு என் பெயர் தெரியுமா?"
தெரியாது, எண் மட்டும்தான்.
"அப்படியானால் அதற்குக் கூச்சம் இருக்காது"
என்று குழந்தையிடம் சொன்னாள்.
ஒன்பது நிமிடம் இருக்கும்போது
பால் கொடுக்கத் திரும்பிக்கொண்டாள்.
முதுகு மட்டும் தெரிந்தது,
பின்னிய நீலக் கோடுகள், ஈரம்.

பெட்டி நாக்கை நீட்டியது.
முன்பெல்லாம் ஒரு முகத்தைத் தயார் செய்ய
எனக்கும் இரண்டு மாதம் இருந்தது.
தாள் வெதுவெதுப்பாக இருந்தது.
"கண்டறியப்பட்டது" என்பதைத்
திரும்பிய அந்த முதுகிடம்
எந்தச் சொல்லில் தொடங்குவது?
சிஸ்டர், என்றாள் அவளே,
"மருந்து இங்கே இருக்கிறதா, அதுவும் வரணுமா?"

இருந்தது.
ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிக்
கன்னத்து உட்புறம் விட்டேன்.
லெபோனே பாதியைத் துப்பியது.
சிந்தியதை விரலில் தொட்டு
நாவில் வைத்துப் பார்த்தாள்.
கசப்பா என்றேன்.
"பரவாயில்லை. இவளுக்கு முன்னால்
நான் குடித்துவிட்டேன் இல்லையா."

தாளை வாங்கிக்கொள்ளவில்லை.
"செப்டம்பர் வரை உங்களிடம் இருக்கட்டும்.
அவரைக் கூட்டிவருகிறேன்,
என்னிடம் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்."
நான் எதையும் சொல்லவில்லையே
என்று நினைத்துக்கொண்டே
மடித்தேன்.

மேல் இழுப்பறை
கொஞ்சம் இறுகும். இரண்டு முறை
இழுத்த பிறகுதான் திறந்தது.